கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றேகால் மில்லிமீட்டர்

எங்கள் தொழிற்சாலையில் எண்பத்து மூன்று பேருக்கு நாலு மின்விசிறி. ஒரே ஒரு கிட்டாருக்கு மட்டும் ஏசி.

அந்தப் பாக்கியசாலியின் பெயர் சாம்பிள். மேனேஜர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள், தலைக்கு மேல் தனி விளக்கோடு நிற்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் மொத்தமாக வாங்குகிற பையர் வந்து வாசித்துப் பார்த்து, "இதே மாதிரி செஞ்சு குடுங்க" என்று முதுகில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன எலக்ட்ரிக் கிட்டார் அது. அன்றிலிருந்து நாங்கள் செய்கிற ஒவ்வொன்றும் அதைப் போல இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சாம்பிளைப் பார். சாம்பிள் மேலேயே சந்தேகம் வந்தால் உன் கண்ணை டாக்டரிடம் காட்டு. இதுதான் சட்டம்.

சட்டத்தின் காவலர் மேனேஜர். முதலாளியின் தங்கை கணவர். கல்வித் தகுதியும் அதுதான், முன் அனுபவமும் அதுதான். யாராவது பெரிய மனிதர் தொழிற்சாலைக்கு வந்தால் பெட்டியைத் திறப்பார், சாம்பிளின் கழுத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, பிடித்த மீனைத் தூக்கிக் காட்டுகிறவர் மாதிரி தூக்குவார், பல் தெரியச் சிரிப்பார், போட்டோ எடுத்துக்கொள்வார். அறைச் சுவரில் வரிசையாகப் பதினொரு போட்டோக்கள். பதினொன்றிலும் கூட நிற்கிற ஆள்தான் வேறு. பிடியும் பல்லும் ஒன்றே.

நான் கடைசி மேஜை. செக்கிங். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை உள்பக்கத்திலிருந்து பார்த்த முதல் ஆள். மெக்கானிக்கல், நாலு வருஷம். அதனால் இங்கே என் பெயர் டிகிரி. "டிகிரி வந்துடுச்சு, எல்லாரும் நிமிர்ந்து உக்காருங்க" என்று காலையில் பாலிஷ் பிரிவிலிருந்து ஒரு குரல் வரும். பட்டம் வாங்கியதற்கு எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

என் வேலை எளிது. கிட்டாரின் உடம்பு மேல் ஒரு இரும்புத் தட்டு உட்கார்ந்திருக்கும், அதுதான் பிரிட்ஜ். ஆறு கம்பியும் அதில்தான் வந்து முடியும். கம்பிக்கு ஒன்றாக ஆறு குட்டி இருக்கைகள், அவற்றுக்கு சேடில் என்று பெயர். அங்கிருந்து கம்பிகள் கழுத்துப் பலகை மேல் நேராக ஓட வேண்டும். தடித்த கம்பிக்கு வெளியே பலகையின் ஓரம் மூன்று மில்லிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும், அந்தப் பக்கம் மெல்லிய கம்பிக்கு வெளியேயும் மூன்று. அவ்வளவுதான். பிரிட்ஜ் ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்தால் மெல்லிய கம்பி பலகை ஓரத்துக்கு வந்துவிடும். வாசிக்கிறவர் உணர்ச்சிவசப்பட்டு விரலால் அதை இழுக்கும்போது, ஓரத்தில் வழுக்கி விழும். டொக். உச்சக்கட்டத்தில் பாடகருக்கு விக்கல் வந்த மாதிரி.

எனக்கு ஆறு மாதம் தற்காலிக வேலை. அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. பர்மனென்ட் லெட்டர் வந்தால் ஒரு வீடு வரும். நாங்கள் நாலு பேர் இருப்பது ஒரே அறை. குளியலறைக்குக் கதவு கிடையாது, திரைச்சீலை. இருபத்து மூன்று வயதில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று "யாரும் வராதீங்க, யாரும் வராதீங்க" என்று கத்திக்கொண்டே குளிக்கிற சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ரெண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். இரண்டு அறை. குளியலறைக்குக் கதவு, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். வீட்டுக்காரம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வீட்ல ஒருத்தருக்காவது நிரந்தர வேலைன்னு லெட்டர் காட்டுங்க. சனிக்கிழமை வரைக்கும் வெச்சிருக்கேன்."

இந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜருக்கு அளவெடுக்கும் ஆசை வந்தது.

ரெண்டு வாரத்துக்கு முன்னால் புது லாட் ஆரம்பித்த அன்று, முதல் கிட்டாரைத் தன் அறைக்கு எடுத்துப் போய் சாம்பிளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்திருக்கிறார். ஸ்கேல் வைத்திருக்கிறார். ரெண்டும் ஒத்துப்போகவில்லை. புயல் மாதிரி டிரில் மேஜைக்கு வந்தார். பிரிட்ஜுக்கு ஓட்டை போடுவது டிரில் அக்கா. பத்தொன்பது வருஷமாக ஓட்டை போடுகிறவர். எனக்கு மூன்றடி தூரத்தில்தான் அவர் மேஜை.

"அக்கா, பிரிட்ஜை மெல்லிசுக் கம்பிப் பக்கமா ஒண்ணேகால் மில்லி தள்ளுங்க."

"சார், சரியாத்தானே இருக்கு? ரெண்டு பக்கமும் மூணு மூணு வருது."

"சாம்பிள்ல அப்படி வரல. அந்தப் பக்கம் நாலேகால், இந்தப் பக்கம் ஒண்ணேமுக்கால். சாம்பிள் எப்படியோ அப்படித்தான் இருக்கணும்."

"அப்படின்னா ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க சார்."

"என் வாயே எழுத்துதான்" என்று சொல்லிவிட்டு ஏசிக்குத் திரும்பினார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா டிரில் மேஜையில் கிட்டாரை முட்டி நிறுத்துகிற கட்டையைத் தளர்த்தி ஒன்றேகால் மில்லிமீட்டர் நகர்த்தி இறுக்கினார். அப்படி நாற்பத்தொரு கிட்டார் வந்தது. நாற்பத்தொன்றிலும் நான் சிவப்பு அட்டை கட்டினேன்.

சும்மா கட்டவில்லை. முதல் மூன்றைச் சரிசெய்து பார்த்தேன். ஒவ்வொரு சேடிலிலும் ரெண்டு குட்டித் திருகு இருக்கும், ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கினால் சேடில் சாயும், கம்பி ஒரு மயிரிழை நகரும். சாய்த்தேன். அரை மில்லிகூட வரவில்லை. அதற்குள் மெல்லிய கம்பி பக்கத்துக் கம்பி மேல் போய் விழுந்தது. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று வந்து உட்கார்ந்த மாதிரி, ஒரு பக்கம் நெருக்கடி, மறுபக்கம் திறந்த வெளி. ஓட்டையே தப்பான இடத்தில் இருக்கும்போது மேலே உட்கார்ந்திருக்கிறவனைச் சாய்த்து என்ன பயன்?

வியாழக்கிழமை மதியம் அழைப்பு வந்தது. ஏசி அறைக்குள் முதல் முறையாகப் போனேன்.

"நாளைக்குக் காலையில பையர் வர்றார். நாப்பத்தொண்ணுலயும் சிவப்பு அட்டை தொங்குது. என்ன இது, கண்காட்சியா?"

"ஓரம் ஒண்ணேமுக்கால்தான் இருக்கு சார். கம்பி வழுக்கும்."

"நீ கிட்டார் வாசிப்பியா?"

"இல்ல சார்."

"அப்புறம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க வாசிப்பீங்களா சார்?"

ஏசிச் சத்தம் நன்றாகக் கேட்டது. அவர் டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். என் பெயர் டைப் அடித்திருந்தது. பர்மனென்ட். கையெழுத்து இருந்தது, சீல் இருந்தது, தேதி மட்டும் இல்லை.

"இதுல தேதி போடறது என் வேலை. அந்த நாப்பத்தொரு செக்கிங் கார்டுல பாஸ்னு கையெழுத்துப் போடறது உன் வேலை. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைப் பாப்போம். சரியா?"

அப்போது முதலாளியிடமிருந்து போன் வந்தது. மேனேஜர் மச்சானிடம் உட்கார்ந்து பேச மாட்டார். எழுந்து, வெளியே வராந்தாவுக்குப் போய், முதுகை வளைத்துக்கொண்டு பேசுவார். நான் தனியே நின்றேன். நானும் லெட்டரும் சாம்பிளும்.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மெல்லிய கம்பி நிஜமாகவே ஓரத்தில்தான் நின்றது. ஆனால் சாம்பிளின் உடம்பு ரெண்டு பலகை ஒட்டியது, நடுவில் ஒட்டுக்கோடு தெரியும். பிரிட்ஜ் அந்தக் கோட்டின் மேல் அச்சாக நடுவில் உட்கார்ந்திருந்தது. பிரிட்ஜ் சரி, அப்புறம் எது தப்பு? கழுத்து உடம்போடு சேருகிற இடத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் இறுக்கம். மறுபக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி.

திரும்பிச் சுவரைப் பார்த்தேன். முதல் போட்டோவில் கம்பிகள் நடுவே ஓடின. நாலாவதில் கொஞ்சம் சரிவு. ஏழாவதில் நன்றாகவே தெரிந்தது. பதினொன்றில் மெல்லிய கம்பி, மாடி விளிம்பில் நிற்கிறவனைப் போல நின்றது. வந்தவர்களுக்கெல்லாம் சாம்பிளின் கழுத்தைத் திருகித் திருகித் தூக்கிக் காட்டி, மனிதர் தன் கையாலேயே அதைக் கோணலாக்கி, அந்தக் கோணலுக்கு எங்களை ஓட்டை போட வைத்திருக்கிறார். மூன்று வருஷச் சாட்சியத்தைச் சட்டம் போட்டு மாட்டியும் வைத்திருக்கிறார்.

சாவி பூட்டிலேயே இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் என் கோட்டுப் பையில் இருந்தது. வராந்தாவில் "ஆமா மச்சான், ஆமா மச்சான்" கேட்டுக்கொண்டிருந்தது. சாம்பிளை எடுத்துக் கவிழ்த்தேன். கழுத்தைப் பிடித்திருக்கும் நாலு திருகையும் அரைச் சுற்றுத் தளர்த்தினேன். உடம்பை இடுப்பில் அழுத்திக்கொண்டு கழுத்தை என் பக்கம் இழுத்தேன். சின்னதாக ஒரு முனகல், நேராக வந்து உட்கார்ந்தது. திருகுகளை இறுக்கினேன். ஸ்கேல் வைத்தேன். மூன்று, மூன்று. பெட்டிக்குள் வைத்து மூடினேன். மொத்தம் ஐந்து "ஆமா மச்சான்" நேரம்.

மேனேஜர் உள்ளே வந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. லெட்டர் மேஜை மேல் இருந்தது. வாய் திறக்கவில்லை. தவிர, எனக்கு ஒரு கெட்டிக்காரக் கணக்கும் இருந்தது: நாளைக்கு அவர் சட்டப்படியே, சாம்பிளுக்குப் பக்கத்தில் வைத்தால், நாற்பத்தொன்றும் ஃபெயில். நான் வாயைத் திறக்காமலே ஜெயிப்பேன். டிகிரி மூளை.

வீட்டில் அம்மா அன்று சீக்கிரம் வந்திருந்தார். அம்மா ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறார், அப்பா கிடங்கில் மூட்டை இறக்குகிறார். விஷயத்தைச் சொன்னேன், பெட்டியைத் திறந்ததை மட்டும் விட்டுவிட்டு.

"கையெழுத்துதானேடி? போட்டுட்டு வா" என்றார் அம்மா. "சொத்தையா எழுதிக் கேக்கறாங்க?"

"தப்பான பொருளுக்கு எப்படிம்மா பாஸ்னு போடறது?"

தம்பி கேட்டான், "ஒண்ணேகால் மில்லின்னா எவ்ளோக்கா?"

கட்டைவிரல் நகத்தின் ஓரத்தைக் காட்டினேன்.

"இவ்ளோதானா? இதுக்கா நமக்குக் கதவு வராமப் போகப் போகுது?"

அப்பாவுக்குக் கைநாட்டுதான். என் கையெழுத்தை மட்டும் யாராவது பார்த்தால் "என் பொண்ணுது" என்பார். அன்று திரைச்சீலையின் கிழிசலுக்கு ஊசி தேடிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பையர் வந்தார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட, பிஸ்கட் தட்டைத் திரும்பியும் பார்க்காத மனிதர். கையெழுத்தில்லாத கார்டுகளோடு நானும், எதற்கும் இருக்கட்டும் என்று டிரில் அக்காவும் சுவரோரம் நிறுத்தி வைக்கப்பட்டோம். மேனேஜர் சாம்பிளை எடுத்துக் கொடுத்தார். பையர் வாசித்தார். மெல்லிய கம்பியை இழுத்து, இழுத்து, இழுத்தார். அது எங்கும் விழவில்லை.

"மூணு வருஷம் ஆச்சு, அப்படியே இருக்கே!"

"கண்ணு மாதிரி பாத்துக்கறேன் சார்" என்றார் மேனேஜர்.

அப்புறம் நாற்பத்தொன்றில் ஒன்று. இழுத்தார். டொக். இன்னொன்று. டொக். பையர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாம்பிளையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, தன் ஸ்கேலை எடுத்தார். "பிரிட்ஜ் ஒண்ணேகால் மில்லி தள்ளியிருக்கு. சாம்பிள்ல சரியா இருக்கு. இதுல இல்ல."

மேனேஜர் சாம்பிளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கட்டின பெண்டாட்டி கோர்ட்டில் எதிர்சாட்சி சொன்ன மாதிரி. ரெண்டு நொடிதான். மூன்றாவது நொடியில் மனிதர் சுதாரித்துவிட்டார்.

"அக்கா! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? கண்ணு தெரியலையா?"

"நீங்கதானே சார் தள்ளச் சொன்னீங்க?"

"நானா? எழுத்து இருக்கா?"

மேனேஜர் பையரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி அக்கா பக்கம் திரும்பினார்.

"பத்தொன்பது வருஷம்னு பாத்தா இப்படி மானத்தை வாங்கறீங்க. இன்னையோட போதும். நாளைலேர்ந்து வர வேண்டாம்."

என் கெட்டிக்காரக் கணக்கில் இந்த வரி இல்லவே இல்லை. தப்பு நிரூபணமாகும் என்று போட்டேன். யார் தலையில் விழும் என்று போடவில்லை. மேலேயிருந்து விழுவது எந்தத் தலையில் விழும் என்று கண்டுபிடிக்க இன்ஜினியரிங் வேண்டுமா? கிடங்கில் மூட்டை தூக்குகிற அப்பாவைக் கேட்டால் சொல்லியிருப்பார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

"அவங்க மேல தப்பில்ல. சார் தள்ளச் சொன்னதை நான் பக்கத்துல நின்னு கேட்டேன்" என்றேன். "சாம்பிள்தான் கோணலா இருந்துச்சு. நேத்து மத்தியானம் நான்தான் நிமிர்த்தி வெச்சேன்."

"சாம்பிளைத் தொட்டியா?" மேனேஜர் குரல் கீச்சென்றது. மற்ற எதுவும் அவர் காதில் விழவில்லை.

"பூட்டுல சாவி இருந்துச்சு சார்."

"எந்த ஸ்க்ரூ?" என்று கேட்டார் பையர்.

கவிழ்த்துக் காட்டினேன். "கழுத்து நகர்ந்திருந்துச்சு. தூக்கித் தூக்கிக் காட்டினதுல. நம்பலைன்னா போட்டோவைப் பாருங்க."

பையர் எழுந்து சுவரோரமாக நடந்தார். ஒன்று, ரெண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாக, மூக்கு உரசப் பார்த்துக்கொண்டே போனார். எட்டாவதில் உதடு துடித்தது. பதினொன்றாவதில் சிரித்தேவிட்டார். மேனேஜரும் கூடச் சிரித்தார், பழக்க தோஷம்.

"இந்த நாப்பத்தொண்ணையும் சரிபண்ண எத்தனை நாள் ஆகும்?" என்னைத்தான் கேட்டார்.

"பழைய ஓட்டையில மரக்குச்சி அடிச்சு, பசை காய விட்டு, புது ஓட்டை போடணும். மூணு நாள்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டேன். "அக்கா இருந்தா மூணு நாள். இல்லாட்டி சொல்ல முடியாது."

"புதன்கிழமை எடுத்துக்கறேன். ஒவ்வொரு கார்டுலயும் இந்தப் பொண்ணு கையெழுத்து இருக்கணும்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கார் சத்தம் மறைந்ததும் மேனேஜர் லெட்டரை எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டினார். "சாம்பிள் மேல கை வெச்சவளுக்கு லெட்டரா? இன்னும் ஆறு மாசம் போகட்டும், பாக்கலாம்."

சனிக்கிழமை அம்மா போய்க் கெஞ்சிப் பார்த்தார். சாயங்காலம் கதவும் தாழ்ப்பாளும் வேறு குடும்பத்துக்குப் போய்விட்டன. தம்பி என் கட்டைவிரல் நகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வெளியே போனான். அப்பா திரைச்சீலையைத் தைத்து முடித்திருந்தார்.

திங்கட்கிழமை அக்காவும் நானும் வேலையைத் தொடங்கினோம். குச்சி அடித்தோம், பசை விட்டோம். காய்ந்ததும் பிரிட்ஜை வெறுமனே வைத்து, ரெண்டு ஓரக் கம்பிக்குப் பதில் ரெண்டு நூல் கட்டி இழுத்தோம். அக்கா பிரிட்ஜை நகத்தால் தட்டித் தட்டி நகர்த்துவார், நான் பலகை ஓரத்தில் ஸ்கேலை வைத்து "இன்னும், இன்னும், நிறுத்துங்க" என்பேன். மூன்று, மூன்று. பென்சில் புள்ளி. டிரில். அரை நாள் இப்படியே போனது. அப்புறம் அக்கா டிரில்லை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏன்டி, அந்தப் பெட்டியைத் திறந்தியே, அப்போ என் ஞாபகம் உனக்கு வரவே இல்லையா?"

"வரல அக்கா."

"ஓட்டை போட்டவ நான்னு தெரியும்ல?"

"தெரியும்."

"டிகிரி" என்றார். இத்தனை நாளும் அது கிண்டல். அன்றுதான் திட்டு. வாங்கிக்கொண்டேன். அக்கா மறுபடி டிரில்லை ஓடவிட்டார்.

புதன்கிழமை மதியம் நாற்பத்தொன்றும் வரிசையாகத் தொங்கின. மேனேஜர் கார்டுக் கட்டோடு என் மேஜைக்கே வந்தார். பேனாவின் மூடியைக் கழற்றி அவரே நீட்டினார்.

"போடு. நாலு மணிக்கு வண்டி வருது."

"லெட்டர் சார்."

"என்ன, மிரட்டறியா?"

"இல்ல சார். எழுத்து இருக்கான்னு கேக்கறேன்."

பாலிஷ் பிரிவில் தேய்க்கிற சத்தம் நின்றது. மேனேஜர் நாற்பத்தொரு கார்டையும் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், போனார், லெட்டரோடு வந்தார். முழுசாகப் படித்தேன். மெதுவாகத்தான் படித்தேன், நாலு வருஷம் படித்தவளாயிற்றே.

"தேதி சார்."

போட்டார். என் மேஜையில் குனிந்து, எனக்கு நீட்டின அதே பேனாவால்.

"இன்னொண்ணு சார். இனிமே அக்காவுக்கு எதைச் சொன்னாலும் சீட்டுல எழுதிக் குடுங்க. இல்லாட்டி நான் செக் பண்ண மாட்டேன்."

அவர் கார்டுக் கட்டை என் பக்கம் தள்ளினார். அக்கா தன் மேஜையிலிருந்து ஒரு பழைய பில் புத்தகத்தை எடுத்து, பின்பக்கம் காலியாக இருந்த தாளைத் திருப்பி, ஒரு பென்சிலோடு டிரில் பக்கத்தில் வைத்தார். நான் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன். பதினேழாவதிலிருந்து கை வலித்தது. நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் முதலாளியே யாரையோ கூட்டிக்கொண்டு வந்தார். அறைக் கதவு திறந்திருந்தது, என் மேஜையிலிருந்து எல்லாம் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டி மேல் "தொடக் கூடாது" என்று புதிதாக ஒரு காகிதம். சாவி இப்போது மேனேஜர் பாக்கெட்டில். பெட்டியைத் திறந்தார். கை பழக்கப்பட்ட இடத்துக்குப் போனது.

"சார், கழுத்து!" என்று இங்கிருந்தே கத்தினேன்.

சட்டென்று கையை எடுத்தார். ரெண்டு கையாலும் சாம்பிளின் உடம்பை அடியில் தாங்கி, அடுத்த வீட்டுக் கைக்குழந்தையை வாங்கினவர் மாதிரி, எங்கே ஈரம் பண்ணிவிடுமோ என்கிற முகத்தோடு நின்றார். போட்டோ எடுத்தார்கள். பன்னிரண்டாவது. அதில் பல் தெரியவில்லை, கம்பிகள் நேராக இருக்கின்றன.